வலிக்காத தோள்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, கேசரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "இது பொண்ணு கிண்டினதா, கடையில வாங்கினதா?" என்பதுதான். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்றபடியே, "சட்டி இன்னும் கழுவலை, வந்து பாக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் நிஜமாகவே எழுந்து வந்தார். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார். எங்கள் கல்யாணம் நிச்சயமானது இப்படித்தான்.

மதுசூதன் என்று பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் வீடு. அரசு பஸ்ஸில் டிக்கெட் செக்கர் வேலை. ராஜபாளையம், சோழபுரம் என்று அந்தப் பக்கத்து ரூட்டெல்லாம் இவர் கையில். வேலை இவரைச் சந்தேகப் பிராணியாக்கியதா, சந்தேகப் பிராணி என்பதால் இந்த வேலை வந்து மாட்டியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் பாலில் விரலை விட்டுத் தூக்கிப் பார்ப்பார். மாம்பழக்காரியிடம் கூடையின் மேல் வரிசையை விட்டுவிட்டு அடியில் கைவிட்டு எடுப்பார். கான்சாபுரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்த என் சொந்த அண்ணனை, ஒரு ஸ்டாப் முந்தி வரைக்கும்தான் டிக்கெட் எடுத்திருந்தான் என்று, பஸ்ஸிலேயே அபராதம் போட்டு இறக்கிவிட்டவர். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அதே மனிதர் அவனுக்கு இலை போட்டு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்கிடுங்க மச்சான்" என்று உபசாரம் செய்தார். நான் வெட்கத்தில் செத்தேன்.

"டிக்கெட் இல்லாதவன எப்படிங்க கண்டுபிடிக்கிய?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேட்டதும் சட்டுனு பதில் சொல்லுவான். ஆனா சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டுச் சொல்லுவான்" என்றார்.

இவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. எங்கள் தெருக் கடைசியில் ஒரு சின்னப் பெருமாள் கோயில் இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஆண்டாள் கோயில் என்றாலும், எங்கள் தெருக்காரர்களுக்கு இந்தப் பெருமாள் வீட்டு மனிதர் மாதிரி. ஆனி மாதம் திருவிழா. காலையும் மாலையும் பெருமாளை வாகனத்தில் வைத்துத் தோளில் சுமந்து வீதி வருகிறவர்களுக்கு ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று பெயர். சம்பளம் கிடையாது. மில்லுக்குப் போகிறவர், பால்கோவா கடையில் நிற்கிறவர், வாத்தியார் என்று எல்லோரும் லீவு போட்டு வந்து சுமப்பார்கள். அவர்களுக்கு இவர்தான் தலைவர்.

தலைவர் செய்யும் முக்கியமான காரியம் தோள் பார்ப்பது. திருவிழா நாட்களில் காலையில் வாகனம் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் மண்டபத்தில் உட்கார வைத்து, கழுத்தும் தோளும் சேருமிடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். முந்தின நாள் ஒழுங்காகச் சுமந்தவன் 'ஆ' என்று முகத்தைச் சுளிப்பான். சுளிக்காதவன் சுமக்கவில்லை. வாகனத்தைத் தூக்கும் மரத்தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்திருப்பதுபோல் காட்டிக்கொண்டு முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும், பாரமெல்லாம் பக்கத்தில் இருப்பவன் மேல் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவனுக்கு அடுத்த நாள் தண்டு கிடையாது, குடையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். குடை பிடிப்பதும் பெருமாளுக்குச் செய்யும் சேவைதான். ஆனால் தண்டிலிருந்து இறக்கிக் குடையைக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவுக்கே தெரியும். இந்த வழக்கம் இவர் கொண்டுவந்தது இல்லை. ஆனால் இவர் கட்டைவிரலுக்கு வந்த பிறகுதான் அது இப்படிக் கடுமையானது.

போன வருஷம் முன் தண்டுக்கு வைகுந்த் வந்தான். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். மில் டீமில் வாலிபால் ஆடுகிறவன். அவன் அப்பா இவரோடு எத்தனையோ வருஷமாக முன் தண்டைப் பகிர்ந்துகொண்டவர். அவர் தவறிய பிறகு, அப்பா தோள் வைத்த இடத்தில் தானும் தோள் வைக்க வேண்டும் என்று பையன் ஆசையாகக் கேட்டு வந்தான். கருட சேவை அன்று அவன் அம்மா வாசலில் தீபத்தோடு நின்று, பெருமாளைப் பார்ப்பதற்கு முன்னால் முன் தண்டைத்தான் பார்த்தாள்.

ஆனால் மறுநாள் தோள் பார்த்தபோது வைகுந்த் முகம் சுளிக்கவில்லை. இவர் இன்னும் பலமாக அழுத்தினார். அவன் சிரித்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றான். அந்தச் சிரிப்புதான் இவரைக் கிளப்பிவிட்டது.

முதலில் ஊசி என்று சந்தேகப்பட்டார். விளையாட்டுக்காரப் பயல்கள் வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொள்கிறார்களாம். மண்டபத்தில் அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தழும்பு எதுவும் இல்லை. பிறகு அவனுடைய எவர்சில்வர் பாட்டில் கண்ணில் பட்டது. மூடியைத் திறந்து மோந்தார். உள்ளே கறுநீலமாக ஏதோ இருந்தது.

"ஏலே, நாக்க நீட்டு."

நீட்டினான். நாக்கு முழுக்க ஊதா.

"நாவப்பழம் அண்ணாச்சி. கொட்டைய எடுத்துட்டுத் தண்ணி விட்டு அடிச்சது. ஆடி முடிச்சா மறுநாள் வலி கம்மியா இருக்கும்னு எங்க டீமுக்கு வார பிசியோ மேடம் சொன்னாவ. கொஞ்ச நாளா விடாம குடிக்கேன்."

"நாவப்பழம் தின்னா தோள் வலிக்காதோ? அப்ப மரத்தடியில திரியுத அணிலெல்லாம் கூட்டியாந்து பெருமாளத் தூக்கச் சொல்லுவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். வைகுந்தும் சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வந்த இவர் சிரிக்கவில்லை. பாட்டிலெல்லாம் கண்துடைப்பு, பயல் முழங்காலை மடக்குகிறான், பக்கத்தில் நிற்கிற தன் தோளில் பாரத்தை இறக்குகிறான் என்று முடிவே கட்டிவிட்டார். கையும் களவுமாகப் பிடிக்க முடியாததால் அந்த வருஷம் அவனை விட்டுவைத்தார். வருஷம் முழுக்க அதே பேச்சு. சாப்பிடும்போது, "அவன் அப்பன் எப்பேர்ப்பட்ட சுமையாளு, இவன் இப்பிடி வந்து பொறந்திருக்கானே" என்பார். வைகாசி பிறந்ததும், "இந்த வருசம் கருட சேவைக்கு அவன் முன் தண்டுல நிக்கதப் பாக்கத்தான் போறேன்" என்றார்.

எனக்கு வைகுந்த் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் அவன் மேல் சந்தேகம்தான். இவரோடு குடித்தனம் நடத்தி எனக்கும் அது தொற்றிக்கொண்டது. ரொம்பப் பணிவாகப் பேசுகிறவனைக் கண்டால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். அதோடு, இவர் பிடித்த ஆட்களில் தப்பாகப் பிடித்தது ரொம்பக் குறைவு.

அந்தச் சமயத்தில் என் முழங்கால் வலிக்காக ராஜபாளையத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பார்த்த பெண் அனுக்ரஹா. சின்ன வயசு, வெடுக்கென்று பேசுகிற பெண். மில் டீமுக்குப் போகிற பிசியோ அவள்தான் என்று அவள் மேஜையில் இருந்த வாலிபால் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நேரே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, நாவப்பழம் குடிச்சா ஒடம்பு வலிக்காதுன்னு சொன்னியாமே. நெசமா, இல்ல ஏதும் பவுடர் விக்கதுக்கு வழியா?"

அவள் கோபப்படவில்லை. "பவுடர் யாராச்சும் வித்தா வாங்காதீங்க அம்மா" என்றாள். பிறகு என் காலை நீட்டி மடக்கிக்கொண்டே விளக்கினாள். பழக்கத்துக்கு மீறி உடம்பை வருத்தினால் சதைக்குள்ளே நூல் நூலாகச் சின்னக் கிழிசல்கள் விழுமாம். அதைச் சரிபண்ண உடம்பு அங்கே வீக்கத்தை உண்டாக்குமாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் வருகிற வலி அதனால்தானாம். நாவல், கறுப்புத் திராட்சை, மாதுளை இதிலெல்லாம் இருக்கிற கருஞ்சாயம், செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தயாரிக்கிற சத்து. அது அந்த வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கலாமாம்.

"தணிக்குமா, தணிக்கலாமா?"

"தணிக்கலாம். அம்புட்டுதான் சொல்ல முடியும். வெளிநாட்டுல செர்ரிப் பழத்த வச்சு ஓட்டக்காரங்ககிட்டப் பாத்திருக்காங்க. சிலருக்குக் கேட்டிருக்கு, சிலருக்கு ஒண்ணும் பண்ணல. நாவப்பழத்துல அந்த அளவுக்குப் பாக்கல. வலி வந்த பொறவு குடிச்சுப் பிரயோசனம் இல்ல, சில நாள் முந்தியே ஆரம்பிக்கணும். அப்பறம் இன்னொண்ணு அம்மா, பழகின ஒடம்புக்கு வலி தானாவே கம்மியாத்தான் வரும். வலியே இல்லன்னா வேலயே செய்யலன்னு அர்த்தம் கிடையாது."

கடைசியாகச் சொன்னது என் காதிலேயே நின்றது. பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் ஒரு பெண் சொன்னாள் என்று நம்பிவிட முடியுமா? ஒரே வழிதான் இருந்தது. சுமக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு ஆளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு ஆள் என் வீட்டிலேயே இருந்தார்.

கான்சாபுரம் அண்ணனுக்கு போன் போட்டேன். தோப்பு வரப்பில் நின்ற மரத்திலிருந்து ஒரு கூடை நாவல் வந்து இறங்கியது. பழத்தைப் பார்த்ததும் இவர் முதலில் கேட்டது, "உங்க அண்ணன் சும்மா அனுப்ப மாட்டானே, எதுக்கு அனுப்புதான்?" என்றுதான்.

"உங்க சக்கரைக்கு நல்லதாம்" என்றேன். இவருக்குச் சர்க்கரை விளிம்பில் நிற்கிறது. நாவல் சர்க்கரைக்கு நல்லது என்று எங்கள் பக்கம் சொல்லாதவர்கள் கிடையாது. அதனால் பொய் சொன்ன பாவம் எனக்குப் பாதிதான். தோளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என்னைப் பொய்யாக்குவதற்காகவே திருவிழா முழுக்க முனகியிருப்பார். முதல் டம்ளரை என்னைக் குடிக்கச் சொல்லி, செத்த நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் குடித்தார். பிறகு பழகிவிட்டது. கொடியேற்றத்துக்கு முன்பே தினமும் குடிக்க ஆரம்பித்து, விழா நாட்களிலும் விடவில்லை.

கருட சேவைக்கு முந்தின நாள் காலையில் மண்டபத்தில் தோள் பார்த்தார்கள். வைகுந்த் இந்த வருஷமும் சுளிக்கவில்லை. இவர் கையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நாளைக்கு நீ குடை புடி" என்றாராம்.

மத்தியானம் வைகுந்த் எங்கள் வாசலுக்கு வந்தான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"மதினி, அண்ணாச்சிட்ட சொல்லிருங்க. இன்னைக்கு மட்டும் தோள் குடுத்திருதேன். நாளைக்குக் குடை புடிக்க நான் வரலை. இனிமே எந்த வருசமும் வரலை. நான் ஏமாத்துனேன்னு எங்கம்மா காதுல விழுந்திருச்சு. அவ காலையிலருந்து சாப்புடலை."

அவன் கண் கலங்கியிருந்தது. நிஜமாக அழுகிறானா என்று உற்றுப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்கு என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அன்று மாலை சேஷ வாகனம். அது கனத்த வாகனம். வீதியில் நான் பெருமாளைச் சேவிக்கவே இல்லை, இவர் முழங்காலைத்தான் பார்த்தேன். நிமிர்ந்து நின்றது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டு நனைந்து தட்டையாகியிருந்தது. இவர் சுமந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மற்ற வருஷங்களில் இந்த நேரத்துக்கெல்லாம் இவரால் கையைத் தூக்க முடியாது. நான்தான் சட்டைக் கையை மாட்டிவிடுவேன், உப்பு ஒத்தடம் கொடுப்பேன், முனகல் தெரு வரைக்கும் கேட்கும். கருட சேவை அன்று காலை நான் வேண்டுமென்றே அடுப்படியை விட்டு வரவில்லை. கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்தார். உயரக் கொடியில் தொங்கிய வேட்டியைக் கையைத் தூக்கிச் சட்டென்று இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கை இன்னும் மேலேதான் இருந்தது. மெதுவாக இறக்கினார். தன் கட்டைவிரலாலேயே தன் தோளை அழுத்திப் பார்த்தார். இன்னொரு தரம் அழுத்தினார். முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை கண்டதில்லை. வாசலைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். பிறகு நிதானமாக, "ஆ... அம்மா" என்று ஒரு முனகல் விட்டார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, எண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துப் போனேன்.

"உக்காருங்க. தோள்ல தேச்சு விடுதேன்."

"வேண்டாம், போ."

"வருசா வருசம் கேட்டு வாங்கிக்கிடுவிய, இந்த வருசம் என்ன?"

உட்கார்ந்தார். நான் அவர் பின்னால் நின்று கையைத் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"ஆ!" என்றார்.

"நான் இன்னும் கையே வைக்கலையே."

அவர் திரும்பவில்லை. பிடரி மட்டும் சிவந்தது. நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அனுக்ரஹா சொன்னதைச் சொன்னேன், சர்க்கரை என்று நான் சொன்ன பாதிப் பொய்யையும் சொன்னேன். எழுந்து நின்று கத்தினார்.

"ஏட்டி, எனக்கே கலந்து குடுத்திருக்கியா? நேத்து நான் சுமந்தேன்டி! சேசன் எம்புட்டுக் கனம்னு தெரியுமா உனக்கு?"

"எனக்குத் தெரியாது. வைகுந்துக்குத் தெரியும், உங்க பக்கத்துலதான நின்னான்."

அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவர் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டில் இருந்த நெல்லிக்காய் ஊறுகாயைக்கூட, அதிலும் என்ன கலந்தேனோ என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

சாயங்காலம் மண்டபத்தில் கருடனை அலங்காரம் பண்ணித் தயாராக வைத்திருந்தார்கள். வைகுந்த் தூணோரம் அம்மாவோடு நின்றான். தோளில் துண்டு இல்லை. சேவித்துவிட்டுப் போக வந்திருந்தான். ஸ்ரீபாதம் தாங்கிகள் தண்டுக்குப் பக்கத்தில் கூடினார்கள். இவர் நடுவில் போய்ச் சட்டென்று கீழே உட்கார்ந்தார்.

"ஏலே வைகுந்து, இங்க வா. என் தோளப் பாரு."

மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார். தலைவர் தோளை யாரும் பார்த்தது கிடையாது. வைகுந்த் வந்து தயங்கித் தயங்கி விரலை வைத்தான்.

"பூவா வைக்கே? அழுத்துலே."

அழுத்தினான். அவர் முகம் அசையவில்லை.

"இன்னும்."

தன் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினான். அவர் கண்ணைக்கூட இமைக்காமல் எல்லோரையும் பார்த்தார். "நேத்து சேசனுக்கு நான் தோள் குடுக்கலைன்னு நெனைக்கவன் எவனாச்சும் இருந்தா இப்பச் சொல்லிருங்க" என்றார். யாருக்குத் தைரியம் வரும்?

"அப்ப இவனும் சுமந்தவன்தான். தப்பு என் பேருல. போலே, முன் தண்டுக்குப் போ."

"துண்டு கொண்டாரலை அண்ணாச்சி" என்றான் வைகுந்த்.

இவர் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தானே மடித்து, அவன் அப்பா தோள் வைத்த இடத்தில் போய் நின்ற அவன் தோளில் வைத்தார். தனக்கு வேறொருவரிடம் துண்டு வாங்கிக்கொண்டார். பெருமாள் கிளம்பினார். வைகுந்தின் அம்மா அழுதாள். நானும் அழுதேன். கருட சேவையைப் பார்த்து அழுகிறோம் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

அதோடு தோள் பார்க்கும் வழக்கம் எங்கள் கோயிலில் நின்றுபோனது. மனிதர் திருந்திவிட்டாரா என்று கேட்டால், அதெல்லாம் இல்லை. மறுநாளிலிருந்து வீதி திரும்பும் ஒவ்வொரு முனையிலும் குனிந்து எல்லோர் முழங்காலையும் பார்க்கிறார். எனக்கும் ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. இந்த வருஷம் பின் தண்டுக்குப் புதிதாக ஆள் சேர்த்திருந்தார்கள், பாரம் அதனால் குறைந்திருக்கலாம். இல்லை, இவர் உடம்பே இத்தனை வருஷத்தில் பழகியிருக்கலாம். அனுக்ரஹாவிடம் சொன்னதற்கு அவளும், "இருக்கலாம் அம்மா" என்றுதான் சொன்னாள்.

திருவிழா முடிந்து, வாகனங்களையெல்லாம் துடைத்து உள்ளே வைத்த அன்று இவர் அடுப்படிப் பக்கம் வந்து நின்றார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"கான்சாபுரத்துல இன்னும் பழம் கெடக்கா?" என்றார்.

"எதுக்கு?"

"சக்கரைக்கு" என்றார் சட்டென்று. சொல்லும்போது அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.